காற்றில் கரையும் வெப்பம்: கணினியிடம் சொல்ல மறந்தவை



நம் இல்லங்களில் இணையத் தொடர்பு தரும் ரவுட்டர் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். பெரும்பாலும் அதில் விசிறி இராது. அவ்வாறாயின், உள்ளே பிறக்கும் வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது? அதனைக் கணினியில் எவ்வாறு உருவகப்படுத்திக் காண்கிறோம்? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். செம்பின் கடத்துதிறனில் அதற்கு ஏறத்தாழ 15,000இல் ஒரு பங்குதான் உண்டு. ஆயினும், சூடேறிய காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து, மேலெழுகிறது. குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்புகிறது. இதனையே வெப்பச் சலனம் என்கிறோம். சலனம் என்றால் அசைவு. பெயரிலேயே விளக்கம் அடங்கியிருக்கிறது. கணினியோ, பெட்டியைச் சூழ்ந்த காற்றைப் பல இலட்சம் சிற்றறைகளாகப் பகுத்து, ஒவ்வோர் அறையிலும் பொருண்மை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழிவின்மை விதிகளைத் தீர்க்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரமுள்ள பெட்டியின் மொத்தப் பரப்பு 0.05 சதுர மீட்டர். அது 6 வாட் வெப்பத்தை வெளியிடுவதாகக் கொள்வோம். சலனத்தால், ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 வாட் வெளியேறும். கணக்கிட்டால், பெட்டி அறையைவிட 20 பாகை சூடாக இருக்க வேண்டும். அறை 30 பாகையெனில் பெட்டி 50 பாகை.

ஆனால் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 40 பாகையை ஒட்டியே காட்டும். பிழை எங்கே? கதிர்வீச்சை நாம் மறந்துவிட்டோம். நெகிழிப் பரப்பு கதிர்வீச்சாலும் ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை இழக்கிறது. கணினி தவறு செய்யவில்லை. நாம் சொல்லாததை அது கணக்கிடவில்லை, அவ்வளவே.

அதே பெட்டியை மூடிய அலமாரியில் வைத்தால் 40 பாகை என்ற விடையும் பொய்த்துவிடும். அங்கே சூழ்ந்திருக்கும் காற்றே சூடேறுகிறது. கருவியின் ஆயுளும் குறைகிறது.

ஆகவே மாணவர்களே, திரையில் தோன்றும் வண்ணப் படத்தை உடனே நம்பிவிடாதீர்கள். முதலில் தாளில் ஒரு தோராயக் கணக்கு. இறுதியில் வெப்பமானியால் ஓர் அளவீடு. இவ்விரண்டுக்கும் இடையில்தான் கணினிக்கு இடம்.