மாற்றும் அறமும்

(விளாங்குடியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொற்கொல்லர் நிறைந்த அவையில் பொன்னைப் பற்றிப் பேச ஒரு பள்ளி ஆசிரியன் எழுந்து நிற்பது, கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவன் செயல் போலும். யான் பட்டறையில் அமர்ந்து பழகியவன் அல்லேன். பாட்டனார் காலத்தோடு எங்கள் வீட்டில் உலை அவிந்துபோயிற்று. ஆயினும், நம் குலத்தார் இன்று இரு நிலையில் நிற்கின்றனர். சிலர் நகை செய்வோர். பலர் நகை வாங்குவோர். அவ்விரு திறத்தாரும் ஒருங்கே கூடும் இடம் இவ்வவையே ஆதலின், இருவர்க்கும் பொதுவான செய்தி ஒன்றை ஈண்டுக் கூறத் துணிந்தேன்.

நம் இல்லங்களில் திருமணப் பேச்சு எழுந்தால் உடன் எழுவது நகைப் பேச்சு. எத்தனை பவுன்? எந்தக் கடை? சேதாரம் நூற்றுக்கு எத்தனை? இம்மூன்று வினாக்களோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. ‘இந்நகையைச் செய்தவர் யார்? எவ்வாறு செய்தார்? அவருக்குக் கிடைத்த கூலி யாது? பொன் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பாரைக் காணோம். பொன்னின் மாற்றை அறிவதற்கு உரைகல் உண்டு. அது நகையாகி வந்த வழி அறவழியா என்று அறிவதற்கு உரைகல் எது? வாங்குவோர் வாய் திறந்து கேட்கும் கேள்வியே அவ்வுரைகல் என்பதுதான் யான் இன்று சொல்ல வந்தது.

கேட்க வேண்டியதைக் கேளாமையால் விளையும் கேட்டினை நம் மதுரையைப் போல் அறிந்த ஊர் பிறிதொன்று இல்லை. சிலப்பதிகாரத்தில், கோவலன் விற்கக் கொணர்ந்த சிலம்பைக் கண்ட பொற்கொல்லன், தான் முன்னரே கவர்ந்த அரசியின் சிலம்பைக் களவாடியவன் இவனே என்று பொய்யுரைத்தான். பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். கண்ணகி தன் சிலம்பை உடைத்த பின்னரே, அதனுள் இருந்தவை மாணிக்கப் பரல்கள், அரசியின் சிலம்பில் உள்ளவையோ முத்துக்கள் என்னும் உண்மை வெளிப்பட்டது. ‘இதனுள் இருக்கும் பரல் யாது?’ என்று முன்னரே ஒருவர் கேட்டிருப்பின் கோவலன் மாண்டிரான். அரசனும் அரசியும் உயிர் துறந்திரார். பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்றும் அந்நூல் கூறுகின்றது. ஒருவன் சொன்ன பொய்க்கு ஒரு பாவமும் அறியாத ஆயிரவர் மாண்டனர். வகுப்பில் இப்பகுதியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். நகைத்தொழிலில் ஒருவர் மறைத்தாலும் பழி தொழில் முழுமைக்கும் வந்து சேரும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில் சிலம்பை உடையாமலே மாற்றை அறிய வழி ஏற்பட்டுள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் பொன் நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கிற்று. 2021 ஜூன் முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட தனிக்குறி ஒவ்வொரு நகைக்கும் பின்னர் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அக்குறி இன்றி ஹால்மார்க் நகையை விற்றல் கூடாது என விதித்தனர். 22 காரட் நகையில் 916 என்று பொறித்திருப்பது, ஆயிரம் பங்கில் 916 பங்கு பசும்பொன் என்பதைக் குறிக்கும். அவ்வமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் செயலியில் அந்த ஆறு குறிகளையும் இட்டுப் பார்த்தால், நகை எங்கே சோதிக்கப்பட்டது, அதன் மாற்று யாது என்பன கைப்பேசியிலேயே தெரியவரும். நம் தாய்மார்கள் கடைப்படியில் நின்றவாறே இதனைப் பார்த்துக்கொள்ளலாம்.

இது பெரிய நன்மையே. ஆயினும் அம்முத்திரை மாற்றை மட்டுமே சொல்லும். செய்தவர் கையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாற்று ஒன்றையே நோக்கி, மனிதரை நோக்காது விட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் பட்டறைகளிலேயே ஒரு வரலாறு உண்டு. கே.டி.எம். என்னும் சொல்லை நீவிர் அனைவரும் அறிவீர். நம் முன்னோர் பொன்னோடு வெள்ளியும் செம்பும் சேர்த்துப் பற்றாசு செய்து, வெங்காரம் இட்டு ஊதிப் பற்றவைத்தனர். அதனால் இணைப்புள்ள இடங்களில் மாற்றுச் சிறிது குறையும். நகையை மீண்டும் உருக்கும்போது அக்குறை வெளிப்படும். அக்குறையை நீக்கும் பொருட்டுக் காட்மியம் என்னும் உலோகத்தைப் பற்றாசில் சேர்க்கும் வழக்கம் வந்தது. காட்மியம் 321 பாகை வெப்பத்தில் உருகி, 767 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். பொன்னோ 1064 பாகையில்தான் உருகும். ஆகவே ஊதுகுழலின் சுடர் பட்டதும் காட்மியத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் போக, இணைப்பில் மாற்று நிலைத்து நின்றது. வாங்கியவர் மகிழ்ந்தார், விற்றவரும் அதனைப் பெருமையாகப் பலகையில் எழுதி வைத்தார். ஆனால் அந்த ஆவி எங்கே போயிற்று? குனிந்து ஊதிக்கொண்டிருந்தவர் நெஞ்சுக்குள் போயிற்று! காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். நகையின் மாற்றுக் குறையாதிருக்கும் பொருட்டு நகை செய்தவர் ஆயுள் குறைந்தது. தீங்கு அறிந்த பின் காட்மியத்தை விலக்கினர். துத்தநாகம் முதலியன கலந்த பற்றாசுகள் வந்தன. எனினும், ‘எதைக்கொண்டு பற்றவைத்தீர்?’ என்று வாங்குவோர் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் பலர் இன்னும் நம்மோடு இருந்திருப்பர் அல்லரோ?

இனிப் பொன் பிறக்கும் இடத்தை நோக்குவோம். பெரும்பாலான சுரங்கங்களில் ஒரு டன் கல்லை உடைத்தால் கிடைப்பது சில கிராம் பொன்னே. ஆதலின் 8 கிராம் கொண்ட ஒரு பவுனுக்குச் சில டன் கல்லை அகழ வேண்டும். கோலார் தங்கவயலில் நம் தமிழ் மக்கள் பல தலைமுறை உழைத்தனர். மூவாயிரம் மீட்டருக்கும் கீழே, அனல் வீசும் ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தனர். 2001-ஆம் ஆண்டில் அச்சுரங்கம் மூடப்பட்டது. பொன் எங்கெங்கோ போய்விட்டது. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண், சயனைடு கலந்த குன்றுகளாய், அவ்வூர் மக்களின் வாயிலிலேயே நின்றுவிட்டது. இன்று உலகச் சுரங்கப் பொன்னில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறு சுரங்கங்களினின்று வருகின்றது. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் அச்சுரங்கங்களில் உழைக்கும் ஏழைகள் பலர் பாதரசத்தைக் கையாலேயே பிசைந்து, அடுப்பிலிட்டுச் சுட்டுப் பொன்னைப் பிரிக்கின்றனர். அப்பாதரசம் அவர்தம் மூச்சிலும் ஆற்று மீனிலும் சேர்கின்றது. பாதரசத்தால் விளையும் கேட்டினைக் குறைப்பதற்கென்றே 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது. அது 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

‘கடையில் இருக்கும் பொன் எந்தச் சுரங்கத்தது என்று யாம் எவ்வாறு அறிவோம்?’ என்று நீவிர் கேட்கலாம். அறிதல் அரிதே. ஆனால் நம் பெட்டியில் இருக்கும் பொன் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். பொன் அழியாப் பொருள். வையைக் கரையில், மதுரைக்குத் தென்கிழக்கே, கீழடி அகழாய்வில் கிடைத்த சிறு பொன் அணித்துண்டுகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்தும் பொன்னாகவே இருந்தன. ஆகவே பழம்பொன்னைக் கொண்டு புதுநகை செய்வித்துக்கொள்வோர், எந்த மலையையும் புதிதாக உடைக்கவில்லை. எந்த ஆற்றிலும் பாதரசம் கலக்கவில்லை.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதனை என் குடும்பத்துத் தவற்றினைக் கொண்டே சொல்லிவிடுகின்றேன். என் தமக்கை மகள் திருமணத்தின்போது, எங்கள் பாட்டியாரின் அட்டிகையை எடைக்குப் போட்டுப் புதுச் சங்கிலி வாங்கினோம். அவ்வட்டிகை பாட்டனார் தம் கையாலேயே செய்தது. கடையில் அதன் கற்களைப் பெயர்த்து, உருக்கி, மாற்றுக்குரிய விலை தந்தனர். அவர்கள் மேல் குற்றம் இல்லை. நாங்கள்தாம் கேட்கவில்லை, ‘இதனைச் செப்பம் செய்து அணியலாகாதா?’ என்று ஒருவர் வாயிலும் சொல் எழவில்லை. பொன்னுக்கு விலை வந்தது. பாட்டனார் கைக்கு விலை வரவில்லை. அதனை நினைக்கும்தோறும் இன்றும் வருந்துகின்றேன். நல்ல வேலைப்பாடுள்ள பழைய நகையை உருக்காதீர்கள். திருகு தேய்ந்தால் மாற்றுங்கள்; கல் விழுந்தால் பதியுங்கள். உருக்குவது இறுதி வழியாக இருக்கட்டும்.

பாட்டனாரைக் குறிப்பிட்டேன். அவர் பட்டறையை மூடியது எவ்வாறு என்பதை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புது நகை செய்தல் தடுக்கப்பட்டது. நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர். மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர். 1968-இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாயிற்று, 1990-இல்தான் அச்சட்டம் நீங்கிற்று. அன்று அரசின் ஆணை செய்ததை இன்று நம்முடைய வாங்கும் வழக்கம் ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கின்றது. பொறியில் அச்செடுத்த சங்கிலியைக் குறை கூற யான் வரவில்லை. பொறியும் மனிதன் படைத்ததே. ஆனால் நம் குலத்துத் திருமணங்களிலேயே தாலியைத் தவிர வேறொன்றும் கைத்தொழிலாளரிடம் செய்விக்கப்படுவதில்லை என்றால், அவர் பிள்ளை ஏன் ஊதுகுழலைக் கையில் எடுப்பான்?

சேதாரக் கணக்கையும் சிறிது பாருங்கள். 5 பவுன், அதாவது 40 கிராம் நகைக்கு ஒரு கடை நூற்றுக்கு 15 எனச் சேதாரம் குறித்தால், அது 6 கிராம் பொன்னின் விலை. அராவிய தூளும் பட்டறையில் பெருக்கிய தூசியும் மீண்டும் பொன்னாக்கப்படுவதை இவ்வவையோர் நன்கு அறிவர். அந்த 6 கிராமில் தேய்ந்தது எவ்வளவு, செய்த கைக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை. ஆனால் நம் தெருவில் இருக்கும் ஆசாரியார் கூலியாகச் சொல்லும் சிறு தொகையை மட்டும் பாதியாய்க் குறைத்துப் பேசுகின்றோம். இஃது அறமாகுமா?

ஆகவே ஐந்து செயல்களை உங்கள் முன் வைக்கின்றேன். முதலாவது, வீட்டிலுள்ள பழம்பொன்னைச் செப்பம் செய்தோ மாற்றிச் செய்தோ அணிதல். இயலாதபோது மட்டும் புதுப்பொன் வாங்குதல். இரண்டாவது, எங்கே வாங்கினும் ஆறு குறி முத்திரையைச் சரிபார்த்து, சேதாரத்தையும் செய்கூலியையும் தனித்தனியே எழுதிய சீட்டைக் கேட்டுப் பெறுதல். மூன்றாவது, ஒவ்வொரு திருமணத்திலும் ஒரு நகையேனும் கைத்தொழிலாளரிடம் செய்வித்து, அவர் கேட்ட கூலியைக் குறையாமல் கொடுத்தல். நான்காவது, பட்டறையில் காட்மியம் இல்லை, கவனமின்றிச் சயனைடு வைத்திருக்கவில்லை, புகை போகச் சாளரம் உண்டு, பள்ளிக்குச் செல்லும் வயதுப் பிள்ளை வேலையில் இல்லை என்பதை நேரே சென்று கண்டறிதல். பிள்ளைக்குத் தொழில் பழக்குவது தவறன்று. பள்ளியை விடுவித்துப் பழக்குவதே தவறு. ஐந்தாவது, பதிவும் முத்திரையும் பெற வழி தெரியாமல் நிற்கும் சிறு பட்டறைக்காரர்களுக்கு, படித்த நம் இளைஞர்கள் விண்ணப்பம் எழுதித் துணை நிற்றல். கையால் செய்த நகைக்கும் முத்திரை கிடைத்துவிட்டால், ‘மாற்றில் ஐயம்’ என்று சொல்லி விலகுவோர்க்கு இடமில்லை.

இவை கைகூடாத கனவுகள் அல்ல. நாகர்கோவிலைச் சேர்ந்த வடசேரியில் கோயில் நகை செய்யும் கைத்தொழில் இன்றும் நிற்கின்றது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. தெய்வத் திருமேனிக்கென ஏற்பட்ட அவ்வேலைப்பாட்டை நாட்டியக் கலைஞர்களும் மணமகளிரும் விரும்பிக் கேட்டு வாங்கினர். கேட்டதனால் தொழில் பிழைத்தது. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் நிறைந்த நம் மதுரையில், கேட்பவர் கூடினால் செய்பவரும் கூடுவர்.

தொழில் செய்வோர்க்கும் ஒரு சொல். வாங்குவோர் கேட்கும் கேள்வியை ஐயமாகக் கொண்டு சினவாதீர். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்க்கு அக்கேள்வி பெருமையே தரும். ஒருவன் பொய்யால் ஆயிரவர் பட்ட பழியை, ஆயிரவர் மெய்யால் துடைக்கும் காலம் இது.

எங்கள் வீட்டில் பாட்டனாரின் ஊதுகுழல் ஒன்று மட்டும் எஞ்சியிருக்கின்றது. அடுத்துவரும் எங்கள் வீட்டுத் திருமணத்திற்கு ஓர் அட்டிகை இவ்வவையில் அமர்ந்திருப்போர் ஒருவர் கையால் ஆகும் என்று உங்கள் முன்னிலையில் வாக்களிக்கின்றேன். யார் செய்தார், எதனால் பற்றவைத்தார், என்ன கூலி பெற்றார் என்று எவர் வந்து கேட்பினும் விடை சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இருக்கும்.