பேராளர் பதவி கேட்பது குற்றமா?

(அம்பிட்டியவில் கூடிய கிளை ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் வடிவம்)



இக்கூட்டத்திற்கு நாம் வந்து சேர்ந்தபோது வாசலில் நின்ற வாலிபர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, தேர்தல் வந்தால் சுவரொட்டி ஒட்டுகிறோம்; லயம் லயமாக ஏறி இறங்குகிறோம்; வாக்குச் சாவடியில் காலை முதல் மாலை வரை சோறு தண்ணீரின்றி நிற்கிறோம். மாநாடு வந்தால் பேராளர் பட்டியல் மட்டும் எங்கிருந்தோ தட்டச்சில் அடித்து வருகிறது. அதில் எங்கள் பெயர் இருப்பதில்லை. நானும் பேராளராக வேண்டும் என்று கேட்டால் பதவி ஆசை பிடித்தவன் என்கிறார்கள். கேட்பது குற்றமா?"

இன்று பேசுவதற்கென்று நாம் எழுதி வந்த குறிப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டோம். அந்த வாலிபரின் கேள்விக்கே விடை கூற விரும்புகிறோம்.

பேராளர் என்பவர் யார்? மாநாட்டுப் பந்தலில் முன்வரிசையில் அமர்ந்து, மாலை போடும்போது கைதட்டி, மதிய உணவுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அஃதன்று. கட்சியின் யாப்பைத் திருத்துகிறவர் பேராளர். தலைவரையும் செயலாளரையும் தெரிவு செய்கிறவர் பேராளர். அபேட்சகர் பட்டியலை வகுக்கும் குழுவை அமைக்கிறவரும் அவரே. பொதுத் தேர்தலில் நாம் போடும் புள்ளடி, பிறர் நிறுத்திய மனிதருக்குப் போடும் புள்ளடி. அந்த மனிதரை நிறுத்துவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வாக்கு பேராளரின் கையில் இருக்கிறது. முதலாவது வாக்கை நமக்கு விட்டுவிட்டு இரண்டாவதை ஒரு சிலர் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்களானால், நமக்குக் கிடைத்தது பாதி வாக்குரிமையேயாகும்.

வாக்குரிமை என்னும் சொல்லை மலைநாட்டில் எவரும் இலேசாக உச்சரிக்க முடியாது. 1931-ஆம் ஆண்டு டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோதே, நிரந்தர வதிவு என்னும் வேலியை நம்மைச் சுற்றிக் கட்டினார்கள். அந்த வேலிக்கு உட்பட்டும் நம்மவர்கள் அரசாங்க சபைக்குச் சென்றார்கள். கோ. நடேசய்யர் 1936-இல் அட்டன் தொகுதியில் வென்றார். தோட்டத்துக்குள் அந்நியர் காலடி வைத்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம் அது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டந்தோறும் பாட்டிசைத்துத் தொழிலாளரைத் திரட்டினார். ஒலிபெருக்கியும் மோட்டார் ஊர்வலமும் இல்லாத அந்நாளில் ஓர் அம்மையாரின் குரலே பிரசார யந்திரமாக இருந்தது. தொண்டு என்று நாம் கூறுவது இதைத்தான்.

1939-இல் பண்டித நேரு இலங்கைக்கு வந்த காலத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. மறு ஆண்டு அதன் தொழிற்சங்கமும் எழுந்தது. அதே 1940-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இந்த அம்பிட்டியச் சாலை தலாத்துஓயாவைக் கடந்து எந்த மலைப்பக்கம் ஏறுகிறதோ அந்த ஹேவாஹெட்டப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அந்த வேலைநிறுத்தத்தின் பின்னால் நின்றது காங்கிரஸ் அன்று. சமசமாஜக் கட்சியினரின் சங்கம். கட்சி எதுவாயினும் தோட்டத்துக்குள் கமிட்டி அமைத்தவர்கள் பெயர் தெரியாத தொண்டர்களே என்பதற்காக இதைக் கூறுகிறோம்.

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவில் தொண்டமான், மஸ்கெலியாவில் மோத்தா, கொட்டகலையில் குமாரவேலு, தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, பதுளையில் சுப்பையா, அலுத்நுவரவில் இராமானுஜம், நாவலப்பிட்டியில் இராஜலிங்கம். இவர்களுள் தொண்டமான் கம்பளைக் கிளையிலிருந்து மேலெழுந்தவர் என்பதை வாலிபர்கள் நினைவில் இருத்தவேண்டும். கிளை இல்லாமல் தலைமை இல்லை.

பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949-இன் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், அதே ஆண்டின் 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம்: மூன்றே சட்டங்களில் மலைநாட்டின் வாக்காளர் இடாப்பைத் துடைத்து எறிந்தார்கள். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு பேரில் ஒருவர் தானும் திரும்பவில்லை. மீண்டும் வாக்கினால் ஒருவர் தெரிவு செய்யப்படுவதற்கு 1977 வரை காத்திருக்க நேர்ந்தது.

நாம் சட்டம் பயின்றவர்கள். ஆகவே ஒரு வழக்கைப் பற்றிக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை இடாப்பில் சேர்க்கவேண்டும் என்று கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவருக்குச் சாதகமாகத் தீர்த்தார். உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953-இல் அங்கும் தோல்வியே. ஒரு சமூகத்தின் கதியை நிர்ணயித்த அந்த வழக்கு எதிலிருந்து தொடங்கிற்று? ஒரு பெயர், ஒரு பட்டியல், அதில் சேர்க்கும்படி ஒரு விண்ணப்பம், இவ்வளவே. பட்டியலில் பெயர் இல்லாதவன் நீதிமன்றத்தின் வாசலிலும் பாதி மனிதனாகவே நிற்கிறான்.

1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுவதில்லை என்று காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறிற்று. காலக்கெடுவோ 1951 ஆகஸ்டில் முடிகிறது. அந்த இறுதி மாதங்களில் தோட்டந்தோறும் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் படிவம் நிரப்பியவர்கள் யார்? தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர்களும், கடைக் கணக்கப்பிள்ளைகளும், நாலெழுத்துப் படித்த வாலிபர்களுமே. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களோ 1,34,000 அளவினர் மாத்திரமே. பகிஷ்கரிப்புத் தீர்மானம் சரியா பிழையா என்று இன்றும் நம் பெரியவர்கள் வாதிடுகிறார்கள். நம் கருத்து, அது பிழை என்பதே. அத்தகைய தீர்மானத்தைக் கிளைகளின் பேராளர்கள் தோட்டத்தில் உள்ளவரைக் கேட்டு வந்து வாக்களித்துத் தீர்த்திருந்தால், இழந்த மாதங்களை இழந்திருக்க மாட்டோம் என்றும் எண்ணுகிறோம்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியபோது, தொழிற்சங்க ஊழியர்களும் தொண்டர்களும் நடமாடும் நிலையங்களை அமைத்துத் தோட்டந்தோறும் அமர்ந்தார்கள். பத்தே நாட்களில் 1,90,000 பேர் வரையில் பிரஜாவுரிமை பெற்றனர். சட்டத்தை ஆக்கியது பாராளுமன்றம். அதை லயத்துக் கதவு வரை கொண்டுசென்றது தொண்டர் படை.

இனி நம் அம்பிட்டியவுக்கு வருவோம். குருமடமும் கோயிலும் பன்சலையும் அருகருகே அமைந்த ஊர் இது. இங்கே நாம் அட்டனைப்போல் ஆயிரக்கணக்கில் குவிந்திருப்பவர்கள் அல்லர். கடைக்காரர் சிலர், ஆசிரியர், எழுதுவினைஞர், கண்டிக்குத் தினமும் வேலைக்குச் செல்வோர், மேலே சென்றால் சிறு தோட்டங்களில் எஞ்சிய குடும்பங்கள், அதற்கும் அப்பால் மரக்கறிச் செய்கையில் ஈடுபட்ட விவசாயிகள். சிங்கள அயலவரோடு ஒரே கிணற்றில் நீர் மொள்கிறவர்கள். நம்மைப்போல் சிதறி வாழ்வோருக்குக் கட்சிக்குள்ளும் குரல் மெலிவு. எண்ணிக்கை எங்கே அதிகமோ அங்கிருந்தே பேராளர்கள் வருகிறார்கள். அங்குள்ள பிரச்சினைகளே தீர்மானமாகின்றன. உருளைக்கிழங்கு விலை வீழ்ந்தால் பேச ஆளில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின் லயத்தில் இருப்பவனுக்கு எந்த உறுதியும் இல்லை என்பதை எடுத்துக் கூற ஆளில்லை. ஆகவே சிதறி வாழும் இடத்துக்கே பேராளர் பதவி கூடுதலாக வேண்டியிருக்கிறது.

நம்முடைய சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்லுகிறோம். பெயர்கள் வேண்டாம். வாலிப வயதில் ஒரு தேர்தலுக்காக ஆறு வாரம் வழக்குகளை ஒத்திப்போட்டுவிட்டு மலையேறித் திரிந்தோம். தேர்தல் முடிந்ததும் பேராளர் தெரிவுக்கான கூட்டம் நடந்தது என்று மறுநாள்தான் நமக்குத் தெரியவந்தது. அறிவித்தல் ஒட்டப்பட்டது என்றார்கள். எங்கே என்று கேட்டால், பூட்டியிருந்த ஓர் அறையின் உட்கதவில்! சந்தாவே கட்டாத இருவர் பட்டியலில் இருந்தனர். நாம் கோபங்கொண்டு ஓராண்டு ஒதுங்கியிருந்தோம். அதுவே நாம் செய்த பெரும் பிழை. ஒதுங்கியவனைத் தேடி எவரும் வரவில்லை. ஆளில்லாத இடத்தில் அதே இருவர் மீண்டும் அமர்ந்தார்கள். மறுமுறை, கூட்டத்துக்கு முன்பே நம் பெயரை எழுத்தில் கொடுத்துக் கேட்டோம். பதினான்கு வாக்குக்கு எதிராகப் பதினொன்று பெற்றுத் தோற்றோம். தோற்ற அன்று மாலையே வென்றவரோடு அமர்ந்து மாநாட்டுக்கு அனுப்பவேண்டிய தீர்மானத்தை எழுதினோம். அதற்கடுத்த முறை வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத்தில் உழைத்த கறுப்பின அம்மையார் பனி லூ ஹேமர் என்பவர். 1962-இல் வாக்காளராகப் பதியச் சென்றதற்காக, பல்லாண்டு உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். தோட்டத்துரைகளின் நியாயம் எந்தக் கடலுக்கு அப்பாலும் ஒன்றே போலும்! 1964-இல் அவரும் தோழர்களும் ஜனநாயகக் கட்சியின் அடிமட்டக் கூட்டங்களுக்குச் சென்றார்கள். பல இடங்களில் கதவு பூட்டியிருந்தது. சில இடங்களில் கூட்டத்தையே வேறிடம் மாற்றியிருந்தார்கள். அவர்கள் கல்லெறியவில்லை. எந்தக் கதவு, எத்தனை மணி, யார் தடுத்தார் என்று குறித்துக்கொண்டார்கள். தாமே தனியாகக் கூட்டங்கள் நடத்திப் பேராளர்களைத் தெரிந்தெடுத்து, அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்குச் சென்று, அந்தக் குறிப்புகளைச் சான்றாக வைத்து வாதாடினார்கள். இரண்டு ஆசனம் தருகிறோம் என்றனர், மறுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகளின் பின், 1968-இல் சிக்காகோ மாநாட்டில் ஹேமர் அம்மையார் பேராளராக அமர்ந்தார்.

அவர்களின் நோட்டுப் புத்தகத்தைத்தான் உங்களுக்குச் சிபாரிசு செய்கிறோம். கட்சியினின்று விலக்கப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் ஒரு மாதத்துக்குள் உயர்நீதிமன்றம் செல்ல நமது அரசியல் யாப்பு வழி வைத்திருக்கிறது. பட்டியலில் விடுபட்ட கிளை ஊழியருக்கு அத்தகைய குறுக்குவழி கிடையாது. அவருக்குப் பாதுகாப்பு, கட்சியின் யாப்பும் கையிலுள்ள கடதாசியுமே. அங்கீகாரம் பெற்ற கட்சி தன் யாப்பைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. அது இரகசியப் பத்திரமன்று. கேட்டு வாங்கிப் படியுங்கள். சந்தா கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கூட்டத்துக்கு எத்தனை நாள் அறிவித்தல் வேண்டும், எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்பதை மனப்பாடம் செய்யுங்கள். கூட்டக் குறிப்பு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படாவிட்டால் எழுந்து கேளுங்கள். கேட்கும்போது குரலை உயர்த்த வேண்டாம். நீதிமன்றத்தில் உரத்துப் பேசுகிறவரின் வழக்கு பெரும்பாலும் பலவீனமானது என்பது நாம் தினமும் காண்பது.

தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளூராட்சித் தேர்தலில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த பின்னர்தான் பெயர் தேடி வீடு வீடாக ஓடுகிறார்கள், ஏதோ கலியாணத்துக்குச் சாட்சி தேடுவது போல. கூட்டத்துக்குப் பாய் விரிக்கவும் தேநீர் ஊற்றவும் பெண்கள், பேராளர் பதவிக்கு ஆண்கள் என்னும் பழக்கம் நம் கிளையில் இருக்குமானால், அதை எவரும் சட்டம் போட்டு மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆகவே அந்த வாலிபருக்கு நம் விடை: கேளுங்கள். பகிரங்கமாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஆனால் நம்மிடம் ஒரு நிபந்தனை உண்டு. பேராளராகச் செல்வோர் திரும்பி வந்து, இதே இடத்தில், எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தேன் என்று சொல்லவேண்டும். சொல்லாதவரை அடுத்த முறை அனுப்பாதீர்கள். அது நாமாக இருந்தாலும் சரி.

வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்காகப் பெயர் விடுபட்ட குடும்பங்களைத் தேடும் வேலை இவ்வாரமே தொடங்குகிறது. கிராம உத்தியோகத்தரிடம் கூடச் செல்வதற்குச் சிங்களம் நன்றாகப் பேசக்கூடிய இருவர் வேண்டும். பேராளர் தெரிவுக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் தலைவரிடம் தாள் வாங்கிக்கொள்ளலாம். சந்தாப் புத்தகம் மேசைமீது இருக்கிறது. மாரஸ்ஸனப் பக்கம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வந்து எழுதட்டும். மற்றவர்கள் தேநீர் அருந்திவிட்டு வரலாம்.