கதை வழுவும் வழுவமைதியும்

திரைப்படம் முடிந்து விளக்குகள் எரிந்த பின்னும் சிலருக்குப் படம் முடிவதில்லை. கொட்டகையின் படிகளிலே தொடங்கும் வாதம், பேருந்திலே வளர்ந்து, வீட்டிலே சோறு ஆறிப்போகும் வரை நீள்கிறது. "அவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டியவன் அந்த ஒரு துளையை ஏன் அடைக்கவில்லை?" என்று தம்பி கேட்கிறான். "உலை இருந்தால் புகைபோக்கி வேண்டாவா?" என்று அக்காள் விடையிறுக்கிறாள். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களில் இவ்வாதம் பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும், சினம் மிகும்போது தமிழிலும் நடைபெறுவதை நாம் கேட்டிருக்கிறோம். பெரியவர்களுக்கோ வியப்பு. இல்லாத உலகத்தில், நடவாத போரில், ஒரு துளை இருந்தால் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன?

இவ்வாதம் வீண் அன்று. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. இவ்விரண்டையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு கூழாங்கல்லைப் புலி என்கிறோம். புளியங்கொட்டையை ஆடு என்கிறோம். இது பொய் என்று யாரும் வழக்காடுவதில்லை. ஆனால் அந்தப் புலி ஒரே தாவலில் இரண்டு ஆடுகளைத் தாண்டிவிட்டால் திண்ணையே அதிர்கிறது. கற்பனைக் கதையும் அத்தகையதே. அது இயற்கையின் சட்டத்தை மீறலாம். தான் வகுத்துக்கொண்ட சட்டத்தை மீறலாகாது. மீறும்போது எழும் குறையையே ரசிகர்கள் கதையின் ஓட்டை என்கின்றனர்.

இதற்கு நம் இலக்கணத்தில் அழகிய சொல் ஒன்று இருக்கிறது. முறை பிறழ்வது வழு, பிறழாதது வழாநிலை, பிறழ்ந்தும் தக்க காரணம் பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி. ஒருவன் தன் பசுவைக் கண்டு, "என் அம்மை வந்தாள்" என்கிறான். அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது வழுதான். ஆனால் அது உவப்பினால் பிறந்த சொல். ஆதலின் இலக்கணம் அதனை அமைத்துக்கொள்கிறது. உண்டுகொண்டிருப்பவனை நண்பன் அழைத்தால், கைகூடக் கழுவாமல் "இதோ வந்துவிட்டேன்" என்கிறான். விரைவு பற்றி வந்த அந்தக் காலவழுவையும் இலக்கணம் பொறுத்துக்கொள்கிறது. காரணம் உண்டா என்பதே கேள்வி.

இந்த உரைகல்லில் சில படங்களை உரைத்துப் பார்ப்போம்.

1977-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தில், ஒரு கோளையே தூளாக்கவல்ல டெத் ஸ்டார் என்னும் விண்கோட்டை வருகிறது. இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு புகைத்துளையின் வழியே எய்த கணையால் அக்கோட்டை வெடித்துச் சிதறுகிறது. இவ்வளவு பெரிய கோட்டைக்கு இவ்வளவு சிறிய சாவா என்ற கேள்வி பல்லாண்டுகள் எள்ளலாகவே உலவியது. 39 ஆண்டுகள் கழித்து, 2016-இல் வெளிவந்த ரோக் ஒன் படம் அதற்கு விடை கூறிற்று. கேலன் எர்சோ என்னும் பொறியியலறிஞர், கொடியவர்களால் வற்புறுத்தப்பட்டு அக்கோட்டையைக் கட்டியவர். அவரே வேண்டுமென்று அதன் உலையில் ஒரு பலவீனத்தை மறைத்து வைத்தார் என்று அது காட்டியது. கவனக்குறைவாகத் தோன்றியது ஒரு மனிதரின் மனச்சான்றாக மாறிற்று. பழைய படத்தை மீண்டும் பார்க்கையில் அந்தத் துளை நமக்குச் சிரிப்பை அன்று, ஒரு தந்தையின் துயரத்தை நினைவூட்டுகிறது. இது வழுவமைதி.

அதே 1977-ஆம் ஆண்டுப் படத்தில், ஹான் சோலோ என்னும் கப்பலோட்டி, தன் கப்பலின் விரைவைப் புகழ்ந்து, ஒரு பயணத்தைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் முடித்ததாக வீம்பு பேசுகிறான். பார்செக் காலத்தின் அளவு அன்று, ஏறத்தாழ 3.26 ஒளியாண்டுத் தொலைவு. 2018-இல் வந்த சோலோ படம், அவன் இடர் மிகுந்த குறுக்குவழியிலே சென்று தொலைவைச் சுருக்கினான் என்று விளக்கிற்று. கணக்குச் சரியாயிற்று, ஆனால் நெஞ்சில் புதிதாக ஒன்றும் நிறையவில்லை. ஓட்டையை அடைப்பது வேறு, அதன் வழியே ஒளி வரச் செய்வது வேறு.

தொடர்ச்சிப் படங்களில் இன்னொரு வகை வழு தோன்றுகிறது. ஜேம்ஸ் கேமரன் இயக்கிய டெர்மினேட்டர் படம் 1984-இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பகுதி 1991-இல் வந்தது. வருங்காலப் பேரழிவைத் தடுக்க ஒரு தாயும் மகனும் போராடி, இறுதியில் நம்பிக்கையோடு நிற்கின்றனர். 2003-இல் வந்த மூன்றாம் பகுதியோ, அழிவு தள்ளிப்போயிற்றே ஒழியத் தவிரவில்லை என்றது. 2019-இல் வந்த படம், இரண்டாம் பகுதிக்குப் பின் வந்த மூன்று படங்களையும் ஒதுக்கிவிட்டு, வேறு வழியில் கதையைத் தொடர்ந்தது. காலப்பயணக் கதையில் காலவழு வருவது இயல்பே. அதை ரசிகர் மன்னிப்பர். பாத்திரங்கள் பட்ட பாட்டைப் பயனற்றதாக்குவதை மன்னிப்பது அரிது. 2010-இல் வந்த எந்திரனின் முடிவில் தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைத்த சிட்டிக்குக் கண்ணீரோடு விடைகொடுத்த நம் வீட்டுப் பிள்ளைகள், 2018-இல் 2.0 படத்தில் அது மீண்டும் எழுந்தபோது, மகிழ்ந்துகொண்டே, "அப்படியானால் அந்தப் பிரிவுக்கு என்ன பொருள்?" என்று கேட்டார்கள் அல்லரோ? நல்ல கேள்வி அது. கொடுத்த வாக்கைக் கதை காக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளை, நாளை மனிதரிடமும் அதையே எதிர்பார்க்கும்.

ஆனால் எல்லை எங்கே? 2017-இல் வெளிவந்த தி லாஸ்ட் ஜெடாய் படத்தின் கதைப்போக்கு ரசிகர்களைப் பிளவுபடுத்திற்று. அதில் நடித்த கெல்லி மேரி டிரான், வியட்நாமிலிருந்து ஏதிலிகளாக வந்த பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பெண். கதையை எழுதியவர் அவர் அல்லர். எனினும் அவருடைய இனத்தையும் தோற்றத்தையும் பழித்து வசைகள் குவிந்தன. 2018-இல் அவர் தம் சமூக ஊடகப் பக்கத்திலிருந்த பதிவுகளை நீக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், அச்சொற்களைத் தாமே நம்பத் தொடங்கிவிட்ட வேதனையை வெளிப்படுத்தினார். பிறந்த ஊரை விட்டு வேறிடத்தில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. "நீ இவ்விடத்தவன் அல்லன்" என்னும் குரல் எத்தகையது என்பதை நம்மிற் பலர் அறிவோம். கதையின் வழுவைக் கண்டு தொடங்கிய பேச்சு ஒரு மனித உயிரின் மேல் பாயுமானால், அதற்கு எந்த இலக்கணத்திலும் அமைதி இல்லை.

ஆகவே நம் பிள்ளைகள் வாதாடட்டும். "சினிமாப் பேச்சு போதும்" என்று விளக்கை அணைக்காமல் நாமும் அருகில் அமர்வோம். எது வழு, எது வழுவமைதி என்று அவர்களையே தீர்ப்புச் சொல்லச் செய்வோம். அச்சாக்கில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அவர்கள் நாவில் ஏறும். எவரேனும் நடிகரையோ, எதிர்வாதம் செய்யும் தங்கையையோ பழிக்கத் தொடங்கினால், அங்கே மட்டும் குறுக்கிடுவோம். பசுவை அம்மை என்றழைத்தவனின் பிழையைப் பொறுக்கச் செய்தது உவப்பு. வாதாடுகிறவர்க்கும் அந்த உவப்பு வேண்டும். அது இருக்கும் வரையில் சோறு ஆறினாலும் குற்றமில்லை.