குரைப்பின் பொருள்



ஊர் அடங்கிய பின்னர் ஒரு வளவில் ஒரு நாய் குரைக்கத் தொடங்குகிறது. அடுத்த வளவு நாய் அதற்கு மறுமொழி கூறுகிறது. சிறிது நேரத்தில் ஒழுங்கை முழுவதும் அவ்வோசை பரவுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவி புத்தகத்தை மூடி வைக்கிறாள். நோயாளி உறக்கமின்றிப் புரள்கிறார். மறுநாட் காலையில் வேலிக்கு இருபுறமும் நின்று இரு குடும்பத்தார் வார்த்தையாடுகின்றனர். சில இடங்களிற் பேச்சு முற்றி உறவு அறுந்துபோவதும் உண்டு. அதனினும் கொடிதாக, ஒருநாள் அந்த நாய் நஞ்சுண்டு முற்றத்திற் கிடப்பதும் உண்டு. ஆதலால், வீட்டு நாயின் ஓயாக் குரைப்பு நகைத்துவிட்டுப் போகத்தக்க சிறு பொருளன்று. அதனைப் பற்றியே இன்று சில கூற விரும்புகின்றேன்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். குரைத்தல் நாயின் குற்றமன்று. அது நாயின் பேச்சு. நாயினத்தின் மூதாதை ஓநாய். வளர்ந்த ஓநாய் ஊளையிடும், உறுமும். ஆனால் அரிதாகவே குரைக்கும். மனிதனோடு பதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த நாயோ எதற்கெடுத்தாலும் குரைக்கிறது. பட்டிக்கும் வீட்டுக்கும் காவலாக நின்று குரல் கொடுக்கும் நாயையே நம் முன்னோர் விரும்பி வளர்த்தனர். வேண்டிப் பெற்ற குணத்தை இன்று வேண்டாமென்று வைகின்றோம். வைவதனாற் பயனில்லை. அது என்ன சொல்கிறது என்று கேட்பதே முதற் கடமை.

அதைக் கேட்டறிதல் நமக்கு இயலாத காரியமுமன்று. ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்ற் நகரத்து ஆய்வாளர் சிலர், பல்வேறு சூழ்நிலைகளில் நாய்கள் குரைத்த ஒலியைப் பதிவு செய்து, மனிதரைக் கேட்கச் செய்து, 2005ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். நாயைக் காணாமலே, குரலை மட்டும் கேட்டு, அது எந்தச் சூழ்நிலையிற் குரைத்தது என்பதை மக்கள் ஓரளவு சரியாகவே கூறினர். அந்நியரைக் கண்டு குரைக்கும் குரல் தாழ்ந்தும் கரகரத்தும் இடைவெளியின்றியும் வரும். தனித்து விடப்பட்ட நாயின் குரலோ உயர்ந்து, இடைவிட்டு இடைவிட்டு ஒலிக்கும். ஆகவே, ‘நாய் குரைக்கிறது’ என்று பொதுவாகக் கூறாமல், எப்பொழுது, எதைக் கண்டு, எவ்வகைக் குரலிற் குரைக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். நீங்கள் வெளியே செல்லும்போது நடப்பதை அறிய, கைத்தொலைபேசியில் ஒலியைப் பதிவு செய்து பார்க்கலாம். காரணம் அநேகமாக அக்குறிப்பிலேயே வெளிப்பட்டுவிடும்.

பெரும்பாலும் நாம் காணும் காரணம் காவற் குரைப்பு. தபாற்காரர் படலையடிக்கு வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். அவர் தம் கடமை முடிந்ததாற் போனார் என்பது நாய்க்குத் தெரியுமா? தான் குரைத்தே அவரை விரட்டியதாக அது கொள்கிறது. நாள்தோறும் வெற்றி; நாள்தோறும் குரல் வலுக்கிறது. இன்பம் தரும் விளைவைக் கண்ட செயலை உயிர்கள் மீண்டும் செய்யும் என்னும் விளைவு விதியை, எட்வேட் தோண்டைக் என்னும் உளவியலறிஞர் 1911ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இதனை நன்கறிவர். வகுப்பறைக்குப் பொருந்தும் விதி படலையடிக்கும் பொருந்துகிறது.

இதற்குப் பரிகாரம் என்ன? நாய் வீதியைப் பார்க்கும் இடைவெளியைக் கிடுகாலோ தகரத்தாலோ மறைத்தல் ஒன்று. வீட்டின் பின்புறத்தில் அதற்கு இடம் அமைத்தல் மற்றொன்று. இவற்றினும் மேலானது, ஆள் வரும்போது நாயைப் பெயர் சொல்லி அழைத்து, அது உங்களிடம் வந்ததும் அதற்கு விருப்பமான உணவிற் சிறிதளவு கொடுப்பது. சில வாரங்களிற் படலையின் ஓசை, ‘குரை’ என்னும் கட்டளையாக இராமல், ‘எசமானிடம் ஓடு’ என்னும் அழைப்பாக மாறும். இங்கு ஓர் எச்சரிக்கை: ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்ற பழமொழியை நம்பி எவரும் படலையைத் திறத்தலாகாது. அஞ்சிக் குரைக்கும் நாய், ஒதுங்க வழியில்லாதவிடத்துக் கடிக்கும்.

இரண்டாவது காரணம் தனிமையும் சோம்பலும். காலை முதல் மாலை வரை இரண்டு முழச் சங்கிலியிற் கட்டுண்டு கிடக்கும் நாய் வேறு என்ன செய்யும்? ஓடவும், மோப்பம் பிடிக்கவும், கூடி வாழவும் பிறந்த விலங்கு அது. காலையும் மாலையும் அரைமணி நேரம் அதனை நடத்திக் கொண்டு செல்லுங்கள். உணவு முழுவதையும் சட்டியில் இடாமல், ஒரு பகுதியை முற்றத்துப் புல்லில் தூவி, மோந்து தேடி உண்ணச் செய்யுங்கள். வீட்டார் புறப்பட்டதும் கதறும் நாயை, முதலில் ஒரு நிமிடம், பின்னர் இரண்டு நிமிடம், பின்னர் ஐந்து நிமிடம் எனச் சிறிது சிறிதாகத் தனித்திருக்கப் பழக்க வேண்டும்.

மூன்றாவது, வேண்டிக் குரைத்தல். நீங்கள் உணவருந்தும்போது நாய் குரைக்கிறது. பத்துமுறை பொறுத்து, பதினோராம் முறை பொறுக்கமாட்டாமல் ஒரு துண்டை எறிகின்றீர்கள். பதினொரு முறை குரைக்க வேண்டும் என்னும் பாடத்தை அன்று அதற்குக் கற்பித்துவிட்டீர்கள்! அமைதியாக இருக்கும்போது கொடுங்கள். குரைக்கும்போது முகத்தைத் திருப்பிக் கொள்ளுங்கள். முதற் சில நாட்களிற் குரைப்பு முன்னிலும் அதிகரிக்கும். அவ்வேளையில் வீட்டிலுள்ள அனைவரும் உறுதியாக நிற்க வேண்டும். தாய் மறுத்ததைப் பிள்ளை மறைவாகக் கொடுத்தால், முயற்சி வீணாகும்.

நான்காவது, அச்சமும் நோயும். புத்தாண்டு, தீபாவளி நாட்களிற் பட்டாசு வெடிக்கும்போது நடுநடுங்கிக் குரைக்கும் நாயை அடித்தல் பெருங்கொடுமை. அறையினுள் விட்டு, சாளரத்தை மூடி, அருகில் இருங்கள். மனிதச் செவி ஏறத்தாழ இருபதாயிரம் அதிர்வுகள் வரையே கேட்கும். நாய் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளைக் கேட்கும். நமக்குக் கேளாத ஒலியும் அதற்கு ஒலியே. உண்ணி, சொறி, காதுநோய், முதுமையால் வரும் செவிட்டுத்தன்மை, அறிவு மயக்கம் ஆகியனவும் குரைப்பை வளர்ப்பன. இவற்றுக்கு மிருக வைத்தியரே துணை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நாயின் குரல் திடீரென மாறிக் கம்மிப்போய், விழுங்க முடியாமல் உமிழ்நீர் வடிந்து, அதன் குணமும் வேறுபட்டால், அது விசர்நோயாக இருத்தல் கூடும். அருகிற் செல்லாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். அத்தகைய நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுவித்தல் எல்லாவற்றுக்கும் முற்பட்ட கடமை.

இனி, செய்யத்தகாதவை சில. நாய் குரைக்கும்போது நாமும் உரத்துக் கத்தினால், தன்னோடு சேர்ந்து வீட்டாரும் குரைப்பதாகவே அது எண்ணும். மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டி அச்சத்தை வளர்க்குமேயன்றிக் காரணத்தைத் தீர்க்காது. வேல்ஸ் நாடு 2010ஆம் ஆண்டில் அதனைத் தடை செய்தது. குரலை நீக்கும் சத்திரசிகிச்சையை, 1987ஆம் ஆண்டின் ஐரோப்பிய வளர்ப்பு மிருகப் பாதுகாப்பு உடன்படிக்கை விலக்குகிறது. நம் நாட்டிலும், மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே பிறந்தது. இவற்றுக்குப் பதிலாக, இரண்டு மூன்று முறை குரைக்க விட்டு, ‘போதும்’ என்று மெல்லக் கூறி, அது நிறுத்திய கணத்திற் பரிசு அளியுங்கள். காவலும் கெடாது, உறக்கமும் கெடாது.

முடிவாக, நாய் வளர்ப்போருக்கும் அயலவருக்கும் ஒவ்வொரு சொல். நாள்தோறும் கேட்டுப் பழகிய காதுக்குத் தன் வீட்டு நாயின் குரல் உறைப்பதில்லை. ஆகவே, ‘எங்கள் நாய் அப்படிக் குரைப்பதில்லை’ என்று மறுக்குமுன், அயலவரை அழைத்து, எந்நேரம் தொல்லை என்று கேளுங்கள். அயலவரே, கல்லெடுக்குமுன், நஞ்சைப் பற்றி நினைக்குமுன், ஒருமுறை படலையடியில் வந்து அமைதியாகச் சொல்லுங்கள். ‘மகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை’ என்ற ஒரு சொல், பத்து முறைப்பாடுகளால் ஆகாததைச் செய்யும். நாய் வாயில்லாச் சீவன் என்பர். அதற்கு வாயுண்டு, பொருள் அறிவார்தாம் குறைவு. அதன் குரலுக்கு விடை சொல்லும் பொறுப்பு, அதற்குச் சோறிட்டுப் பெயரிட்டு வளர்ப்பவரையே சாரும்.