படிவத்தோடு வரும் பிள்ளைகளும் நம்ம பதிலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். வீட்டு வேலை, மாட்டு வேலை, குழு வேலை இதுதான் எனக்குத் தெரியும். தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஊருக்கு அடிக்கடி காலேஜ் பிள்ளைங்க ஆய்வுன்னு வர்றாங்களே, அதைப் பத்தி நீ பேசு" என்று சொன்னார்கள். அதனால் நான் பார்த்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

நர்சிங் படிக்கிற பிள்ளைங்க, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க, சமூகப்பணி படிக்கிற பிள்ளைங்க, இப்படிப் பல பேர் வர்றாங்க. கையில் ஒரு படிவம் இருக்கும். பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, மாத்திரை தினமும் போடுறீங்களா, ராத்திரி தூக்கம் வருதா, மனசு பாரமா இருக்கா என்று வரிசையாகக் கேட்பார்கள். நம்ம ஆளுங்க முதலில் என்ன நினைக்கிறோம்? "ஏதோ திட்டத்துல பேர் எழுதுறாங்க, பணம் வரும்" என்று. இல்லை என்றால், "இதுங்களுக்கு வேற வேலை இல்லை" என்று. ரெண்டுமே சரியில்லை. அது பயனாளி கணக்கெடுப்பு கிடையாது, பேர் கொடுத்தால் எதுவும் வராது. ஆனால் வீண் வேலையும் கிடையாது.

ஏன் வீண் இல்லை என்று சொல்கிறேன். இங்கே எத்தனை வீட்டில் இன்சுலின் ஊசி இருக்கு? எங்க வீட்டில் இருக்கு. தினமும் காலையில் எங்க மாமியாருக்கு நான்தான் போட்டு விடுகிறேன். அந்த ஊசிக்குப் பின்னாடி ரெண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். 1869-ல் ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்று ஒரு மருத்துவ மாணவர், வயசு 21. கணையத்தைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்து, உள்ளே சின்னச் சின்னத் தீவு மாதிரி செல் கூட்டம் இருக்கு என்று தன் படிப்புக்கான ஆய்வில் எழுதினார். அது எதுக்கு என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார். இன்சுலின் சுரப்பது அங்கேதான் என்று பின்னால்தான் தெரிந்தது.

பிறகு 1921-ல் கனடா நாட்டில் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பேண்டிங் என்கிற டாக்டர் இன்சுலினைத் தேடி ஆராய்ச்சி செய்தபோது, கூட நின்று வேலை செய்தவர் சார்லஸ் பெஸ்ட். 22 வயசு, அப்போதுதான் ஒரு பட்டம் வாங்கியிருந்த மாணவர். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்கிற 14 வயசுப் பையனுக்கு அந்த மருந்தைப் போட்டார்கள். அதுக்கு முன்னாடி அந்த மாதிரி பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் காப்பாற்றுவார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்தப் பையன் பிழைத்து, அதுக்கப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அந்த உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மாணவன்தானே, படிப்புக்காகத்தானே என்று யாரையும் லேசாக நினைக்க வேண்டாம்.

ஆனால் ஆய்வு நல்லா வரணும் என்றால் நாம் சொல்கிற பதில் உண்மையா இருக்கணும். எங்க தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அக்காவிடம், "பிரஷர் மாத்திரை தினமும் போடுறீங்களாம்மா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பக்கத்தில் மகனும் மருமகளும் நிற்கிறார்கள். அக்கா, "ஆமா, தினமும் போடுறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. தண்ணி கேட்கிற மாதிரி அக்காவைத் தனியாகக் கூட்டிப்போய்த் திரும்பவும் மெதுவாகக் கேட்டது. அப்போதுதான் விஷயம் வெளியில் வந்தது. அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வருது. நூறு நாள் வேலைக்குப் போற இடத்தில் மறைவு இல்லை. ஆம்பளைங்க இருக்கிற இடத்தில் எங்கே போய் ஒதுங்குறது? அதனால் வேலை இருக்கிற நாளெல்லாம் அக்கா மாத்திரையை விட்டுவிடுவார்.

யோசித்துப் பாருங்கள். "தினமும் போடுகிறார்" என்று எழுதியிருந்தால் அது பொய். "ஒழுங்காகப் போடுவதில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் அக்கா மேல்தான் தப்பு என்று ஆகியிருக்கும். மறைவிடம் இல்லாததுதான் காரணம் என்று எழுதினால்தான் அது ஆய்வு. அந்தப் பிள்ளை அதைக் கிராம செவிலியரிடமும் சொல்லி, அக்காவை டாக்டரிடம் போகச் சொன்னது. டாக்டர் மாத்திரையை வேற மாதிரி மாற்றிக் கொடுத்தார். மாத்திரை ஒத்துக்கலைன்னா நாமளா நிறுத்தக் கூடாது, போய்ச் சொல்லணும். மக்களைத் தேடி மருத்துவத்தில் நம்ம குழுப் பெண்களே வீட்டுக்கு மாத்திரை கொண்டு வர்றாங்க. அவங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லுங்கள்.

இப்போ இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். கேட்பவர்கள் எல்லாருக்கும் எல்லாத்தையும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் அலபாமா மாகாணம், டஸ்கிகீ என்கிற ஊர்ப்பக்கம், 1932-லிருந்து 1972 வரை 40 வருஷம் ஓர் ஆய்வு நடந்தது. அரசாங்கமே நடத்தியது. சுமார் 600 ஏழைக் கறுப்பின ஆண்களைச் சேர்த்தார்கள். அதில் 399 பேருக்கு மேகநோய். என்ன நோய் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பென்சிலின் என்று நல்ல மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். படிப்பறிவு இல்லாதவர், ஏழை, கேள்வி கேட்க மாட்டார் என்பதால்தான் அப்படி நடந்தது. இந்த மாதிரி கொடுமைகளுக்குப் பிறகுதான் விதிமுறைகள் வந்தன. நம்ம நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கு.

அதில் நமக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எந்தக் கல்லூரி, என்ன ஆய்வு, எதுக்கு, நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா என்று கேட்கலாம். கேட்டால் அவர்கள் கோபப்படக் கூடாது.

ரெண்டு, விருப்பம் இல்லை என்றால் மறுக்கலாம். பாதியில் நிறுத்தலாம். அதனால் ஆஸ்பத்திரியில் நமக்குக் கிடைக்கிற சிகிச்சை குறையக் கூடாது.

மூன்று, கையெழுத்துக்கு முன்னாடி படித்துக் காட்டச் சொல்லுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு, ஆய்வுக்காரர் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருக்கணும். தகவல் தாளில் ஒரு பிரதி நம்ம கையில் இருக்கணும்.

நாலு, நம்ம பேரும் நோயும் வெளியில் போகக் கூடாது. ரத்தம் எடுத்தாலும் போட்டோ எடுத்தாலும் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எடுக்கணும்.

அஞ்சாவதுதான் நம்ம குழுவுக்கு முக்கியம். தலைவி சம்மதம் சொன்னால் எல்லாரும் சம்மதம் என்று ஆகாது. தலைவி ஊருக்குள் விடலாம், இடம் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொருத்தி சம்மதமும் அவளவளுடையது. "அக்கா சொல்லிட்டாங்க, மறுத்தா அடுத்த லோன்ல பேர் வராதோ" என்று யாரும் பயந்து உட்காரக் கூடாது. தலைவிகளும் ஊக்குநர்களும் இதை வாய்விட்டுச் சொல்லணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஒருமுறை ஒரு கல்லூரிப் பிள்ளைகள் வந்து தெரு முழுக்க பிரஷர் பார்த்து, எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனார்கள். அதோடு சரி. எங்க தெருவில் எத்தனை பேருக்கு அதிகமா இருந்தது, எதனால், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. குழுவில் பத்து ரூபாய் சேமித்தாலும் வரவு செலவைப் படித்துக் காட்டுகிறோம். நம்ம உடம்பைப் பற்றி நாம் கொடுத்த கணக்கை நமக்கே படித்துக் காட்ட வேண்டாமா?

அதனால் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தீர்மான நோட்டு மாதிரி இதுக்கும் ஒரு நோட்டு போடுவோம். வந்த தேதி, கல்லூரி, ஆய்வின் தலைப்பு, பொறுப்பு ஆசிரியரின் போன் நம்பர், எப்போது முடியும் என்று எழுதி வாங்குவோம். முடிந்ததும் நம்ம மாதாந்திரக் கூட்டத்தில் வந்து, நமக்குப் புரிகிற தமிழில் முடிவைச் சொல்லச் சொல்வோம். அதில் ஊராட்சியில் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால், கிராம சபையில் மனுவாகக் கொடுப்போம். வேலை நடக்கிற இடத்தில் மறைவிடம் வேண்டும் என்பதையே முதல் மனுவாகக் கொடுக்கலாம்.

இனிமேல் அந்தப் பிள்ளைகள் வெயிலில் வந்து நின்றால் உட்காரச் சொல்லி மோர் கொடுங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். சம்மதம் என்றால் உண்மையைச் சொல்லுங்கள், இல்லை என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நடுவில் ஒரு பொய் மட்டும் வேண்டாம்.