ஆட்டமும் அளவுகோலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு செயலில் இறங்குமுன் வலிமையை நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்பதற்காகத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். மன்னர்க்கு உரைத்த அவ்வறிவு சதுரங்கப் பலகையின் முன் அமர்பவர்க்கும் வேண்டியதே. ஆனால், எதைக் கொண்டு நிறுப்பது? நெல்லைக் கொத்தால் அளக்கிறோம். துணியை முழத்தால் அளக்கிறோம். ஆட்டத் திறமையை அளக்கவும் ஒரு கோல் உண்டோ? உண்டு என்று காட்டினார் ஒரு பௌதிகப் பேராசிரியர். அவர் செய்த கோலைப் பற்றியும், நம் இளைஞர் சிலர் அதனைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பற்றியும் சில வார்த்தை கூற விழைகின்றோம்.

அர்ப்பாட் எலோ என்னும் அப்பெரியார் 1903ஆம் ஆண்டில் ஹங்கேரியிற் பிறந்து, சிறு பிராயத்திலேயே ஐக்கிய அமெரிக்கா சென்றவர். மில்வாக்கி நகரின் மார்க்கெற் சர்வகலாசாலையிற் பௌதிகம் கற்பித்தார். தாமும் தேர்ந்த சதுரங்க வீரர். அந்நாட்டுச் சதுரங்கச் சம்மேளனம் 1950 முதல் கென்னத் ஹார்க்னெஸ் என்பாரின் முறைப்படி வீரருக்குத் தரமிட்டு வந்தது. எலோ அதனை நீக்கிப் புள்ளிவிபரவியலின் அடிப்படையிற் புதியதொரு முறையை வகுத்தார். 1960இல் அமெரிக்கச் சம்மேளனமும், 1970இல் உலகச் சதுரங்கச் சம்மேளனமும் அதனை ஏற்றன. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமும் 2018 முதல் ஆடவர் அணிகளை இம்முறையைத் தழுவியே வரிசைப்படுத்துகின்றது.

கணக்கு மிக எளிது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தர எண் உண்டு. அவ்வெண் தனித்து நின்று எதுவும் பேசாது. இருவர் எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே பேசும். வெற்றிக்கு ஒரு புள்ளி, சமநிலைக்கு அரை, தோல்விக்குப் பூச்சியம் என்று கொள்வோம். வித்தியாசம் இல்லையெனில், 100 ஆட்டத்தில் இருவரும் ஐம்பது ஐம்பது பெறுவர் என எதிர்பார்க்கலாம். வித்தியாசம் 100 ஆனால் வலியவர் 64 புள்ளி பெறுவார். 200 ஆனால் 76. 400 ஆனால் 92. ஆட்டம் முடிந்ததும், பெற்ற புள்ளியிலிருந்து எதிர்பார்த்த புள்ளியைக் கழித்து, வந்த விடையை ஒரு குணகத்தாற் பெருக்கிப் பழைய எண்ணோடு கூட்டினால் புதிய எண் கிடைக்கும்.

உலகச் சம்மேளனத்தின் விதிப்படி, புதியவருக்கு முதல் 30 ஆட்டம் முடியும்வரை குணகம் 40. பொதுவாக மற்றையோர்க்கு 20. ஒருமுறை 2400ஐ எட்டியவர்க்கு 10. இதன் கருத்து யாது? புதியவரை நாம் இன்னும் அறியோம். ஆகவே அவருடைய எண் விரைந்து அசைய இடங்கொடுக்கிறோம். பழுத்தவரை நன்கு அறிவோம். ஆகவே ஓர் ஆட்டத்தைக் கண்டு எம் எண்ணத்தை மாற்றிவிடுவதில்லை.

நமக்கு அறிமுகமான வாலிபர் ஒருவர் பல்லாண்டு முயன்று 1900 என்னும் எண்ணை அடைந்தார். அடைந்தபின் சுற்றுப்போட்டிகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். காரணம் வினவினோம். “ஐயா, 1500 உள்ள சின்னப் பெடியனோடு ஆடி வென்றால் இரண்டு புள்ளிகூட இல்லை. தோற்றால் பதினெட்டுப் போய்விடும். இது நட்ட வியாபாரம் அல்லவா?” என்றார்.

அவர் சொன்ன தொகை பிழையன்று. வென்றால் 1.6 கூடும், தோற்றால் 18.4 குறையும். ஆயினும், அவர் கணக்கின் பாதியை மட்டுமே படித்தார். அப்படிப்பட்டவர்களோடு 25 ஆட்டம் ஆடி 23இல் வென்று 2இல் தோற்றால், கூடுவதும் 36.8, குறைவதும் 36.8. நட்டமுமில்லை, இலாபமுமில்லை. உண்மையில் 1900 திறமை உடையவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சுவாராயின், அவ்வெண் தமக்குரியதோ என அவர் நெஞ்சே ஐயுறுகின்றது என்பதே பொருள்.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. வளரும் சிறுவனின் திறமை முன்னே ஓட, அவனது எண் பின்னே வருகின்றது. பலகையில் 1500 என எழுதியிருப்பினும், எதிரே இருப்பவன் 1700க்கு உரியவனாக இருக்கலாம். உலகச் சம்மேளனமே கீழ்த்தர எண்கள் தாழ்ந்துபோயிருப்பதை உணர்ந்து, 2024 மார்ச்சில் 2000க்குக் கீழ்ப்பட்டவர்களின் எண்ணை ஒருமுறை உயர்த்திற்று. 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது வீதம் கூட்டப்பட்டது. இவ்வாறு 1500 என இருந்தவர் 1700 ஆனார். ஆகவே, குறையைத் திருத்த வேண்டியது கணக்கிடுவோர் கடன். ஆட்டத்தை விட்டு ஓடுவது வீரருக்கு அழகன்று.

ஒதுங்கியிருப்பதால் எண் காக்கப்படும் என்பதும் மயக்கமே. மார்க் கிளிக்மன் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் 1995இல் ‘கிளிக்கோ’ எனும் முறையை வகுத்தார். அதில் ஒவ்வோர் எண்ணுடனும், அது எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் காட்டும் இன்னோர் எண்ணும் உண்டு. ஆட ஆட ஐயம் குறையும். ஆடாதிருக்க இருக்க ஐயம் பெருகும். பூட்டி வைத்த எண் பெட்டியிலிட்ட பொன் அன்று; குதிரிலே கிடந்து உளுக்கும் நெல் போன்றது.

தெரிந்தவர்களோடு மாத்திரம் ஆடுவதும் ஆகாது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலச் சிறையில் இருந்த குளோட் பிளட்குட் என்பவர், வெளியாரோடு ஆட வழியின்றிச் சக கைதிகளுடனேயே ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். அவரது எண் 1990களின் நடுப்பகுதியில் 2700ஐத் தாண்டி, அந்நாட்டின் தலைசிறந்த வீரர் வரிசையிலே போய் நின்றது. அவர் அத்தகைய வீரர் அல்லர் என்பதை எல்லோரும் அறிவர். கணக்குத் தவறவில்லை, வட்டந்தான் மூடியிருந்தது. கிணற்றுக்குள்ளே அளந்த உயரம் கிணற்றுக்கு மட்டுமே செல்லும்.

எலோ 1992இற் காலமானார். தம் முறையின் எல்லையை அவர் நன்குணர்ந்திருந்தார். ஆடும் நீரில் மிதக்கும் தக்கையை, காற்றில் அசையும் கயிற்றிற் கட்டிய கோலால் அளப்பதற்கு அதனை ஒப்பிட்டார். கோலைச் செய்தவரே இவ்வளவு அடக்கமாயிருக்க, அதனால் அளக்கப்பட்ட நாம் அவ்வெண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியலாமா?

அன்பர்களே! தர எண் பட்டமுமன்று, பரம்பரைச் சொத்துமன்று. நேற்றுவரை ஆடியதைக் கொண்டு நாளைக்கு இவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று சொல்லும் ஒரு மதிப்பீடு மாத்திரமே. அதனைப் பொய்யாக்கி மேலேறுவதற்கே நாம் ஆடுகின்றோம். நம் மண்டபத்தில் மாலை வேளைகளிற் பலகை விரிக்கும்போது, சிறுவர்கள் ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றனர். எண்ணிற் பெரியவர்கள் அவர்களை அழைத்து எதிரே இருத்துங்கள். தோற்றால் பதினெட்டுப் புள்ளி போகும். போகட்டும், அவன் எங்கே உங்களை வென்றான் என்பதை அறிந்துகொண்டு எழுந்திருப்பீர்கள். அதற்கு அது பெரிய விலையன்று.