காணி உறுதியும் துப்பாக்கிப் பத்திரமும்
(பண்டாரவளையில் கமக்காரர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாம் அரும்பாடுபட்டு இட்ட உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றி ஓரிரவில் கிளறிப் பாழாக்கிவிடுகிறது. பயிரைக் காக்கத் துப்பாக்கி கேட்பது குற்றமன்று. சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தலாகாது. பயிர்க் காவலுக்கு வேண்டுவோர் மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம அலுவலரும் பொலிசாரும் விசாரித்து அறிக்கை தருவர். பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். இவையெல்லாம் நியாயமே.

ஆனால், பயிரிடும் காணிக்குச் சான்று எங்கே என்றும் கேட்கப்படும். அங்கேதான் நம்மவர் தலைகுனிகின்றனர். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயத்தில் வாழ்ந்தவன் காணியுடையவன் ஆனானா? அண்மையில் சிலருக்கு 7 பேர்ச் வீட்டு நிலம் கிடைத்தது. அவன் மரக்கறித் தோட்டம் அதில் அடங்குமா?

வழியற்ற சிலர் கட்டுத்துவக்கு வைக்கின்றனர். பன்றி எது, விறகுக்குப் போகும் தாய் யார் என்று அது அறியுமா? அயலான் காலை முறித்து நம் பயிரைக் காப்பது அறமன்று. அதைத் தொடாதீர்கள்!

1996ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. தண்டிக்கத் தெரிந்த அரசுக்குக் காணி வழங்கவும் தெரிய வேண்டும். ஆகவே, நமது முதற் கோரிக்கை காணி உறுதியே. அது கைக்கு வந்தால், செயலக வாசலில் நாமும் நிமிர்ந்து நிற்போம்.